உள்ளே இருந்ததை எடுத்த பிறகு

மக்கா,

நீங்கள் எல்லோரும் திருப்புறத்துக்கு மறுவீட்டு விருந்துக்குப் போயிருக்கிறீர்கள். தலைவேதனை என்று சொல்லி நான் வீட்டில் நின்றுகொண்டேன். எனக்குத் தலைவேதனை எதுவும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நீ அடுக்களை வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல் மிக்சியைப் போட்டு உன் குரலை மூடினேன். உன் முகத்தைப் பார்த்து அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் காலியான வீட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதுவதும் ஒரே இருப்பில் நடக்கவில்லை. நாலு வரி எழுதியதும் எழுந்துவிடுகிறேன். காய்ந்த துணியை மடித்து வைத்தேன். பிறகு அதைக் கலைத்து ஆளாளுக்குத் தனியாக அடுக்கினேன். புதுப்பெண் ஷைனியின் துணிகளை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நீ கேட்டதை அப்படியே எழுதுகிறேன், சொல்லாததைச் சொன்னதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. "திங்கக்கிழமைக்குள்ள, ஆராய்ச்சிக்குக் கூப்பிட்ட அந்த ஜெர்மனிக்காரங்களுக்குப் பதில் அனுப்பணும்னு சொன்னியே, என்ன சொல்லப் போற?" என்றாய். யோசிக்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்ன உண்டு? அப்பாக்கு சுகர். ஷைனி வந்து ஒரு மாசம் திகையல்ல. இப்பம் நீ ரெண்டு வருசத்துக்குப் போனா, மருமக வந்து கேறினா, மாமியாரு எறங்கிப் போனான்னாக்கும் ஊரு சொல்லும். அவளைத்தான் சொல்லும், உன்னைய இல்ல." அதோடு நீ நிறுத்தியிருந்தால் நான் ஏதாவது வாதாடியிருப்பேன். ஆனால் நீ குரலைத் தாழ்த்தி, "நீ இல்லாம இந்த வீடு எப்படிம்மா நிக்கும்?" என்றாய். தேங்காய் அரைத்து முடித்த பிறகும் மிக்சி வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

உன் கல்யாணத்தன்று சர்ச் முற்றத்தில் ஒருத்தி என்னிடம் வந்து, மாப்பிள்ளைக்கு அக்காவா என்று கேட்டாள். இல்லை, அம்மா என்றதும் ஒரு மாதிரி பார்த்தாள். நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது முடியவில்லை. கல்லூரி முதல் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு, குன்னத்துகாலில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் நான். உனக்குப் பல் முளைக்கிற சமயத்தில், மறுபடி படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். சத்தம் எதுவும் போடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, இலையில் உப்பு வேண்டாம் என்பதுபோலச் சொன்னார். நான் பேசுவதை நிறுத்தினேன். மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. பிறகு ஒருநாள் கடைக்குப் புறப்பட்டவர், வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அணைத்தார். "படிக்கணும்னா படி. நான் அன்னைக்குச் சொன்னது அன்னைக்கு உள்ளதாக்கும்" என்றார். வேறு விளக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை. வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் போய்விட்டார். அந்த வாக்கியத்தின் மேல் ஏறி நின்றுதான் நான் பட்டம் வாங்கினேன், பிறகு முதுகலை முடித்தேன், உனக்கு மீசை அரும்பும் வயதில் ஆராய்ச்சிக்கும் சேர்ந்தேன்.

அந்த வருடங்களில் நீயும் நானும் பாறசாலையிலிருந்து ஒரே பாசஞ்சர் ரயிலில் ஏறுவோம். நீ பிளஸ் டூ படிக்க நெய்யாற்றின்கரையில் இறங்கிவிடுவாய். நான் திருவனந்தபுரம் வரைக்கும் போவேன். ஒருநாள் ரயிலில், "நீ லேபில என்னதான் செய்யுற?" என்று கேட்டாய். கூடு கெட்டுறேன் என்றேன். "எதுக்கு?" "இன்னும் தெரியல்ல." "தெரியாமலா இந்த வயசுல படிக்கப் போற?" எதிர் இருக்கையில் இருந்தவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அன்று உன் நோட்டின் பின்னட்டையில் நான் வரைந்து காட்டியது உனக்கு நினைவிருக்காது. பல்லேடியம் என்ற உலோகத்தின் அணு, கூட்டல் குறி மாதிரி நாலு பக்கமும் கை நீட்டி நிற்கும். ஒவ்வொரு கைக்கும் பிடித்துக்கொள்ள ஒரு நைட்ரஜன் வேண்டும். வாழைப்பழம்போல வளைந்த ஒரு மூலக்கூறை நாங்கள் செய்வோம். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு நைட்ரஜன் இருக்கும். உலோகத்தைப் பிடிக்கிற இந்த மாதிரி மூலக்கூறுகளுக்கு லிகண்ட் என்று பெயர். மேலே ஒரு பல்லேடியம், கீழே ஒரு பல்லேடியம், நடுவில் நாலு வாழைப்பழம். கிறிஸ்மஸுக்கு நீங்கள் சர்ச் முற்றத்தில் கட்டித் தூக்குகிற விளக்குக் கூடு மாதிரி ஒன்று கிடைக்கும். யாரும் அதைக் கட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பதை எந்தக் கையால் கட்டுவது? கரைசலில் போட்டுச் சூடாக்கினால் அவையே தேடிப் பிடித்துத் தாங்களே கூடாகும்.

படத்தில் பார்க்க அது சுலபமாகத்தான் இருந்தது. முதல் தடவை நான் இரண்டையும் கலந்தபோது பிளாஸ்க் முழுக்கப் பழங்கஞ்சி மாதிரி கலங்கிப்போனது. அடியில் கட்டிகட்டியாக என்னவோ படிந்தது. நான் கொஞ்ச நேரம் பார்த்தேன், நடந்தேன், மறுபடி பார்த்தேன். எனக்கு வெப்ராளம் கூடுதல் என்று உன் அப்பா சொல்வார், ஒன்றையும் அதன் பாட்டுக்கு இருக்க விடமாட்டாள் என்று. அது உண்மைதான். கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து கழிவுக் கேனில் ஊற்றிவிட்டு பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் வேலை செய்த பையன், என்னைவிடப் பத்து வயது இளையவன், எட்டிப் பார்த்து, "சேச்சி, அது களஞ்ஞோ?" என்றான். கொட்டிவிட்டீர்களா என்று கேட்கிறான். ஆமாம் என்றேன். "அவருடெ வழக்கு தீர்ந்நில்லல்லோ" என்று தலையில் கை வைத்தான். அவர்கள் சண்டை இன்னும் முடியவில்லையே என்று.

விஷயம் இதுதான். முதலில் எல்லாம் அகப்பட்டதை அகப்பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். எல்லாமே தப்பான பிடி. அதுதான் அந்தக் கலங்கல். ஆனால் உலோகத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள பிடி அவ்வளவு இறுக்கமானது இல்லை. சூட்டில் வைத்திருந்தால் விடும், வேறொன்றைப் பிடிக்கும், அதையும் விடும். தப்பான பிடி சீக்கிரம் கழன்றுபோகும், சரியானது கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். அடுத்த தடவை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிளாஸ்க்கைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது கலங்கல் போய் நீராகத் தெளிந்து கிடந்தது. அதுவே பிடி இறுக்கமானதாக இருந்திருந்தால் முதலில் நடந்த தப்பு கடைசிவரை தப்பாகவே நின்றிருக்கும். இதை நான் பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் தெளிந்த பிளாஸ்க்கைக் கையில் பிடித்திருந்தபோது எனக்குப் பாடம் நினைவுக்கு வரவில்லை, வண்டியை அணைத்துவிட்டு உன் அப்பா சொன்ன வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது.

இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்றால், நீ அப்பா மாதிரி இல்லை. நீ சொன்னால் சொன்னதில் நிற்கிறவன். பாட்டுக்குழுவில் ஒருத்தர் உன் மலையாள உச்சரிப்பைக் கிண்டல் செய்தார் என்று, இனி பாடமாட்டேன் என்றாய். அப்போது உனக்கு என்ன வயது, மீசைகூட வரவில்லை. அதற்குப் பிறகு நீ குழுவில் ஏறவே இல்லை. குளிக்கும்போது மட்டும் ஆல்டோ, டெனர் எல்லாக் குரலையும் நீயே பாடுவாய். வாக்கு மாறாதவன் என்று ஊர் உன்னை மெச்சும். வீட்டுக்குள் அது அவ்வளவு நல்ல குணம் இல்லை மக்கா. ஷைனியிடம் நீ கோபத்தில் ஏதாவது சொல்வாய், அவளும் சொல்வாள். அன்றைக்குச் சொன்னதை அன்றைக்கு உள்ளதாக விட்டுவிடு. அதைக் காப்பாற்றி வைக்காதே. வியாழக்கிழமை நீ சொன்னதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் சொல்ல வந்த இடத்தைச் சுற்றிச் சுற்றியே நடக்கிறேன்.

நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய வேலையில் இன்னொரு வகைக் கூடு உண்டு. அது தானாகச் சேராது. நடுவில் ஒரு குளோரைடு அயனி வேண்டும், உப்பில் இருக்கிறதே அது. உலோகமும் லிகண்டும் அதைச் சுற்றித்தான் வந்து சேரும். அது நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும். கூடு ஆகி முடிந்த பிறகு அந்தக் குளோரைடை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது என் வழிகாட்டி எனக்குத் தந்த கேள்வி. கொஞ்சம் வெள்ளி உப்பைப் போட்டால் அது குளோரைடைப் பிடித்து வெள்ளைப் பொடியாக அடியில் இறக்கிவிடும். எங்களிடம் இரண்டு கூடுகள் இருந்தன, லிகண்டின் வளைவில் மட்டும் சின்ன வித்தியாசம். ஒன்றில் குளோரைடை எடுத்ததும் கூடு கலைந்து, கொஞ்சநாள் கலங்கிக் கிடந்து, வேறொரு வடிவமாகச் சேர்ந்தது. இன்னொன்று அப்படியே நின்றது. என்.எம்.ஆர். என்ற கருவியில் பார்த்தபோது கோடுகள் ஒன்றும் சிதறவில்லை. லேபில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு, வெறும் ஆவலில், அந்தக் குளோரைடைத் திரும்பப் போட்டேன். அது உள்ளே போகவில்லை. கூடு லேசாக முறுகி, இருந்த வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. நல்ல முடிவு, எழுதிக்கொள் என்றார் வழிகாட்டி. எழுதினேன்.

வீடு ஒரு மூலக்கூறு இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு நாலு கை கிடையாது, இருந்தால் கொஞ்சம் பாத்திரமாவது கழுவியிருப்பார். ஆனால் நீ "வீடு எப்படி நிக்கும்" என்று கேட்டபோது எனக்கு அந்தக் கூடுதான் மனதில் வந்தது. கலைந்துபோன முதலாவது கூடு இல்லை. இரண்டாவது, நின்றது.

ஏன் என்று சொல்கிறேன். அப்பாவின் மாத்திரைகளை நான் பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருப்பேன். இரண்டு வேளையும் அவரோடு வழக்கு. குடித்தாச்சு என்பார், குடித்திருக்க மாட்டார். ஷைனி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வந்த முதல் வாரமே காலை, சாயங்காலம் என்று அறை பிரித்த ஒரு பெட்டி வாங்கி வந்து எல்லாவற்றையும் மாற்றினாள். என்னிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தாள். மறுநாள் நான் தண்ணீரும் கையுமாக அப்பாவிடம் போய், மருந்து குடிச்சாச்சா என்றேன். "குடிச்சாச்சு. பிள்ளை தந்துது" என்றார். உண்மையிலேயே குடித்திருந்தார். அவர் பேப்பர் படிப்பதைப் பார்த்தபடி டம்ளரோடு நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அன்று முழுக்க கல்லூரியில் ஒரு பாடமும் ஒழுங்காக எடுக்கவில்லை.

நான் போனால் இந்த வீடு நிற்காதோ என்று நீ பயப்படுகிறாய். எனக்கு உள்ள பயம், நின்றுவிடும் என்பது. ஜெர்மனிக்காரர்கள் பதில் கேட்டு எழுதியதிலிருந்து உப்பு, சோப்பு, கேஸ், அப்பாவின் சுகர், எல்லாவற்றையும் காரணமாக எண்ணிக்கொண்டு சுற்றினேன். ஒன்றும் உண்மையான காரணம் இல்லை. இந்த வயதில் ஆராய்ச்சி செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் கூடு செய்கிற ஒரு லேபில், இனி ஒருமுறை கூப்பிடமாட்டார்கள். போக எனக்கு ஆசை உண்டு. உன் கல்யாணப் பந்தலில் நிற்கும்போதுகூட அந்த ஆசை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் நேற்றுக் காலையில் கேட்டேன். "போறதுன்னா போ" என்றார். அது சம்மதமா, விரக்தியா என்று எனக்குப் பிடிபடவில்லை. "போகாண்டாம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "சொல்லலாம். ஆனா ஒருக்கா சொன்னா அதைத் திருப்பி எடுக்க எனக்குக் கொஞ்ச மாசம் ஆகும். உனக்குத் திங்கக்கிழமைதானே கடைசி?" நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் நின்று, "அங்க குளிருக்கும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஷைனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். "மாமி, வியாழக்கிழமை அவுங்க உங்ககிட்ட சொன்னது எனக்குக் கேட்டுது" என்றாள். எவ்வளவு கேட்டது என்றேன். "மிக்சி போடுறதுக்கு முன்னால உள்ளது எல்லாம்." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "ஊரு என்னையச் சொல்லும்னு நினைச்சு நீங்க நிக்காண்டாம். நீங்க போனா, மருமக வெரட்டிட்டான்னு சொல்லும். போகல்லன்னா, மருமக வந்தா, மாமியாருக்க படிப்பு நின்னுதுன்னு சொல்லும். ரெண்டுலயும் எனக்குப் பேரு உண்டு. போனீங்கன்னா எனக்கு அடுக்களையாவது கிட்டும்." நாங்கள் இரண்டுபேரும் சிரித்தோம். அது வேடிக்கை. கொஞ்சம் வேடிக்கை இல்லாததும் அதில் இருந்தது. அதுவும் எங்கள் இரண்டுபேருக்கும் தெரிந்தது. எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிடத்தில்தான் உண்மையாகப் பிடித்தது. நீ அவளைக் காப்பாற்ற என்னைத் தடுக்கிறாய், மக்கா. அவளுக்கு அந்தக் காவல் வேண்டியிருக்கவில்லை. உன் பெண்சாதியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாயா? நான் நறுக்கிய மரச்சீனியை நீ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய், அப்போதும் கேட்கவில்லை.

இந்த இடம்வரை எழுதிவிட்டு எழுந்துபோய் போனை எடுத்தேன். வருகிறேன் என்று அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். திங்கள்வரை வைத்திருந்தால் இந்த வீட்டில் உள்ள எல்லா டின்னையும் நான் இன்னும் மூன்று முறை துடைத்திருப்பேன். ஆகையால் இது உன்னிடம் அனுமதி கேட்கிற கடிதம் இல்லை. ஆரம்பிக்கும்போது அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன், நடுவில் எங்கேயோ மாறிவிட்டது.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அங்கிருந்து நான் கூப்பிடும்போது, "எல்லாம் பழையபடி இருக்கும்மா" என்று சொல்லாதே. என் மனது நோகக் கூடாது என்று நீ அப்படித்தான் சொல்வாய். இருக்காது, இருக்கவும் கூடாது. என்ன மாறியது என்று சொல்லு. உப்பு எந்த அலமாரிக்குப் போனது, அப்பா யாரோடு பேப்பர் சண்டை போடுகிறார், ஞாயிற்றுக்கிழமை யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், நீயும் ஷைனியும் எதற்குச் சண்டை போட்டு எப்படிச் சேர்ந்தீர்கள், எல்லாம் சொல்லு. எனக்குக் கேட்க வேதனையாக இருந்தாலும் சொல்லு. திரும்பி வரும்போது எந்தப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த வாசலடைத்த கூட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். குளோரைடைப் போட்ட பிறகு நான் அதைச் சூட்டில் வைத்துப் பார்க்கவே இல்லை. ஆய்வேடு கொடுக்கிற அவசரம். பதமான சூட்டில் கொஞ்சநாள் விட்டிருந்தால் பிடி நெகிழ்ந்து வழி விட்டிருக்குமோ என்னவோ. தெரியாது. யாரும் பார்க்காத விஷயத்தைத் தெரியும் என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே போய் முதலில் அதைத்தான் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

கேட்டில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்கிறது. ஷைனி என்னவோ சொல்கிறாள், அப்பா சிரிக்கிறார். என் கால் தானாக எழுந்து வாசல்வரை போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். கதவு பூட்டியிருக்கிறது. சாவி உன் கையில் உண்டு, மக்கா. நீயே திற.

அம்மா